மூன்று உறைத் தண்ணீருக்கு எழுபத்தெட்டு நிமிடம்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது நாற்பத்தெட்டு வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. இதுவரை நான் எழுதியதெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி மட்டும்தான். எந்த வரிசைக்கு எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன், அவ்வளவுதான். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பு இருந்தால் படிப்பவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியாமல் போனதால்தான் இந்த நோட்டு.

மாரண்டஹள்ளியில் பஸ் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மொத்தம் பதினைந்து வீடுகள். பதினைந்தும் பங்காளி வீடுகள். மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள். மூத்தவர் வழியினர் ஐந்து வீடு மேல் வரிசை, அடுத்தவர் வழியினர் ஐந்து வீடு நடு வரிசை, கடைசித் தம்பி வழியினர் ஐந்து வீடு கீழ் வரிசை. நான் இந்த வம்சம் கிடையாது. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து நடு வரிசையில் பெண் எடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வந்த புதிதிலேயே என் கையில் ஒரு வாட்ச்சைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வழிக்கும் பொதுவாக ஒரு கூட்டுக் கிணறு. அதில் ஒரே மோட்டார். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்று அந்தக் காலத்துப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. முதலில் மேல் வரிசை, பிறகு நடு, பிறகு கீழ். ஆளுக்குச் சம நேரம். அந்த நேரத்தைப் பார்த்து சுவிட்ச் போட ஒரு பொது ஆள் வேண்டும். பங்காளியாக இல்லாதவன், யார் பக்கமும் சாயாதவன், சாய்ந்தாலும் தட்டிக்கேட்டால் திருப்பிப் பேசாதவன். நான் பொருத்தமாக இருந்தேன். எனக்குப் பேசக் கூச்சம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லிவிடுவேன். வாட்ச் பேச வேண்டியதில்லை. அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நிமிடம் கூடக் குறையாமல், ஒரு நிமிடம் கூட ஏறாமல் இருபது வருடம் தண்ணீர் முறை பார்த்தேன். மோட்டார் முதல் நிமிடத்தில் இறைப்பதைத்தான் கடைசி நிமிடத்திலும் இறைக்கும். நேரம் சமம் என்றால் தண்ணீர் சமம். அதில் சண்டை வர வழியே இல்லை.

போன வருடக் கோடையில் அந்தக் கிணறு வற்றியது. அடுத்த மாதம் குடிக்கத் தண்ணீர் எடுத்த ஊர்ப் போர்வெல்லிலும் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. நாலு நாளைக்கு ஒரு லோடு டிராக்டர் டேங்கர் வர ஏற்பாடானது. டிராக்டர்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஊற்ற மாட்டேன் என்றார். அதனால் ஒரு தொட்டி தேவைப்பட்டது. கிணற்றுக்குள் இறக்குவதற்காக வாங்கிப் போட்ட சிமெண்ட் உறைகள் புளியமரத்தடியில் கிடந்தன. நாலடி அகலம், ஓரடி உயரமுள்ள வளையங்கள். பாலக்கோட்டிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, கல் மேடை கட்டி, ஒன்பது உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைப் பூசி, அடியில் ஓர் அரை இஞ்சுக் குழாய் வைத்தோம். மேலே தகர மூடி, பூட்டு. சாவி என்னிடம்.

முதல் லோடு வந்தபோது குழாயைத் திறந்து, கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தொட்டி காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். நூற்று முப்பத்தைந்து நிமிடம். மேல் வரிசைப் பெரியவர் அதை மூன்றால் வகுத்தார். அவர்தான் ஊரில் மூத்தவர், என் மாமனாருக்கு அண்ணன் முறை.

"ஆளுக்கு முக்கா மணி நேரம். பழைய முறையேதான், மேல் வரிசை மொதல்ல. மாப்ள வாட்ச்சப் புடிச்சுக்கட்டும். என்ன மாப்ள?"

"சரிங்க மாமா" என்றேன்.

அடுத்த லோடு அப்படியே விட்டோம். மூன்றாவது வரிசையின் முறை முடியவும் தொட்டி காலியாகவும் சரியாக இருந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்ததால் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கீழ் வரிசைப் பெண்கள் அன்றைக்கே முணுமுணுத்தார்கள். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, குடம் நிறைய மாட்டேன் என்கிறது என்றார்கள்.

மேல் வரிசை அம்மா ஒருவர், "உங்க கொடத்துல ஓட்ட இருக்கப்போவுது, நல்லாப் பாருங்கடி" என்றார்.

"எங்க கொடத்துல ஓட்ட இல்ல, உங்க வூட்டுக்காரரு வண்டி கழுவ ஓடுற தண்ணியப் போயிப் பாருங்க" என்று கீழ் வரிசையிலிருந்து பதில் வந்தது.

பெரியவர் சிரித்தார். "வாய மூடிக்கிட்டு வேகமா கொடத்த மாத்துனீங்கன்னா நெறையும். முக்கா மணி நேரம்னா எல்லாருக்கும் முக்கா மணி நேரந்தான்."

என்னைக் கேட்டார்கள். நான் வாட்ச்சைக் கழற்றி நீட்டினேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதற்கு அர்த்தம். கடைசியில் தண்ணீர் மெலிவதை நானும் பார்த்திருந்தேன். எந்தக் குழாயும் நிற்கும்போது மெலியத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழ் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு மருமகள். இருபத்துமூன்று வயது இருக்கும். பன்னிரண்டாவதில் கணக்கு குரூப் எடுத்துப் படித்தது. மேலே படிக்க வைக்காமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தது. உறவு முறையில் என்னை அண்ணா என்று கூப்பிடும். நாலைந்து லோடு போன பிறகு ஒருநாள், எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபின், அது மட்டும் மேடை ஓரம் நின்றது.

"அண்ணா, லோடு முழுசா வந்துச்சான்னு பாக்க ஒரு மூங்கில் குச்சி வெச்சிருக்கீங்களே, அத ஒவ்வொரு வரிசை முடியும்போதும் உள்ள வுட்டுப் பாக்கறீங்களா? யாருகிட்டயும் சொல்ல வேணாங்க."

எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்த லோடில் அப்படியே செய்தேன். குச்சியில் உறைக்கு ஒரு கோடு கிழித்திருந்தேன். தொடக்கத்தில் ஒன்பது கோடு நனைந்தது. மேல் வரிசை முடிந்தபோது நாலு கோடுதான் நனைந்தது. குச்சியைத் துடைத்து மறுபடி விட்டேன். நாலுதான். நடு வரிசை முடிந்தபோது ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கீழ் வரிசைப் பெண்கள் ஐந்து பேர் முக்கால் மணி நேரம் நின்றார்கள். நான் ஏணியில் நின்றபடி அவர்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து, மூன்று, ஒன்று. ஒரே வாட்ச், ஒரே முக்கால் மணி நேரம். ஓர் உறைக்கு இருபத்துமூன்று குடம் தண்ணீர். மேல் வரிசையில் வீட்டுக்கு ஓர் உறை, இருபத்துமூன்று குடம் போனது. கீழ் வரிசையில் வீட்டுக்கு நாலரை. நாலு நாளைக்கு நாலரைக் குடம்.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அது ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தாண்ணா இருக்கும்னு நெனச்சேன். எங்க பாடத்துலயே ஒரு தொட்டிக் கணக்கு இருந்துச்சு. மேல தண்ணி நெறைய இருந்தா அமுக்கத்துல வேகமா வரும், கொறையக் கொறைய மெதுவாயிரும்" என்றது. நான் ஒன்றும் புரியாமல் நிற்பதைப் பார்த்துக் கீழே கிடந்த ஜல்லிக் கல்லைப் பொறுக்கச் சொன்னது.

"ஒம்போது கல்ல சதுரமா அடுக்குங்க."

மூன்று மூன்றாக அடுக்கினேன்.

"ஒரு ஓரத்துல எத்தன இருக்குது?"

"மூணு."

"நாலு கல்ல அடுக்குனா?"

"ரெண்டு ரெண்டா வரும். ஓரத்துல ரெண்டு."

"ஒரே கல்லுன்னா ஓரம் ஒண்ணு. இல்லீங்களா? அந்த ஓரத்துக்குப் பேருதான் வர்க்கமூலம். பேரக் கேட்டு பயந்துக்காதீங்க, ஓரம்னே வெச்சுக்கங்க. தொட்டி காலியாவற நேரம் தண்ணி உசரத்தோட நேரா ஏறாதுங்கண்ணா. அந்த ஓரத்தோடதான் ஏறும். ஓரம் ரெண்டு மடங்கானா நேரம் ரெண்டு மடங்கு, மூணு மடங்கானா மூணு மடங்கு."

"எவ்ளோன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுதான் நீங்க மொத லோடுலயே அளந்து வெச்சிருக்கீங்களே. ஒம்போது உறைக்கு ஓரம் மூணு. நேரம் நூத்தி முப்பத்தஞ்சு. அப்ப ஒரு ஓரத்துக்கு?"

மூன்றால் வகுத்தேன். நாற்பத்தைந்து.

"அவ்ளோதான். அது மாறாத எண்ணு. இந்தத் தொட்டிக்கும் இந்தக் குழாய்க்கும் எப்பவும் நாப்பத்தஞ்சுதான். நாலு உறை இருந்தா ஓரம் ரெண்டு, காலியாவ தொண்ணூறு நிமிஷம். ஒரு உறை இருந்தா நாப்பத்தஞ்சு. இப்பக் கழிச்சுப் பாருங்க. ஒம்போதுலருந்து நாலுக்கு எறங்க எவ்ளோ நேரம்?"

நூற்று முப்பத்தைந்தில் தொண்ணூறு போனால் நாற்பத்தைந்து. நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கவும் நாற்பத்தைந்து. கடைசி ஓர் உறை காலியாகவும் நாற்பத்தைந்து. என் குச்சியில் நனைந்த கோடுகள் அப்படியே அந்தக் கல் சதுரங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. இத்தனை நாள் அந்த வாட்ச்சை நீட்டி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன்.

"அப்ப குச்சியில பாத்து ஆளுக்கு மூணு உறைன்னு வுட்டுட்டாப் போச்சும்மா" என்றேன்.

"தண்ணி நூலா வருதுன்னு சொன்ன அன்னிக்கே எங்க மாமனாரு அதக் கேட்டாருங்கண்ணா. பத்திரத்துல மணின்னுதான் இருக்குது, குச்சின்னு இல்லன்னு பெரியவரு சொல்லிட்டாரு. மணின்னாதான் அவரு ஒத்துக்குவாரு. அதான் ஆளுக்கு மூணு உறை வர்றதுக்கு எத்தன நிமிஷம் வேணும்னு போட்டுப் பாத்தேன்."

ரூல் போட்ட தாள் ஒன்றை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தது. எனக்குப் புரிய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மேல் வரிசை மூன்று உறை எடுத்தபின் ஆறு மீதி. ஆறு கல்லைச் சதுரமாக அடுக்க என்னால் முடியவில்லை. அடுக்க வராது, ஆனால் ஓரம் உண்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றது. இரண்டு புள்ளி நாலு ஐந்து. அதை நாற்பத்தைந்தால் பெருக்கினால் நூற்றுப்பத்து நிமிடம். பிறகு மூன்று மீதி. அதன் ஓரம் ஒன்று புள்ளி ஏழு மூன்று. பெருக்கினால் எழுபத்தெட்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அடியில் எழுதியிருந்தது: மேல் வரிசை 25 நிமிடம். நடு வரிசை 32 நிமிடம். கீழ் வரிசை 78 நிமிடம்.

"கூட்டிப் பாருங்க, நூத்தி முப்பத்தஞ்சு வரும்" என்றது.

கூட்டினேன். வந்தது.

"நீயே சொல்லலாமேம்மா."

"நான் சொன்னா கீழ் வரிசைக்காரி தனக்குன்னு பேசறான்னு சொல்வாங்க. எழுவத்தெட்டு நிமிஷம்னு சொன்ன ஒடனே கைய ஓங்கிக்கிட்டு வருவாங்க. நீங்க ரெண்டு பக்கமும் இல்லாதவருங்கண்ணா. வாட்ச் வெச்சிருக்கறவரு. ஞாயித்துக்கிழம கூட்டத்துல நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்று சொன்னேன். அதை நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

அன்று வீட்டில் மனைவியிடம் தாளைக் காட்டினேன். அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது முப்பத்திரண்டுதான்.

"நம்ம வரிசைக்குப் பதிமூணு நிமிஷம் போவுதா?"

"நிமிஷந்தான் போவுது. தண்ணி கொறையாது. இப்பவும் மூணு உறை, அப்பவும் மூணு உறை."

"நிமிஷம் கொறஞ்சா தண்ணி எப்பிடிக் கொறையாம இருக்கும்? அந்தப் புள்ள உங்கள ஒக்காரவெச்சு தலையில நல்லா மொளகா அரைச்சிருக்குது." பாத்திரத்தை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இந்த வூட்ல ஒக்காந்துக்கிட்டு எங்க பங்காளிங்க தண்ணிய நீங்க பிரிப்பீங்களா? எங்கப்பன் மானம் என்னாவறது?"

கல்லை எடுத்து அடுக்கிக் காட்டியிருக்கலாம். அவள் கெட்டிக்காரி, பார்த்தால் புரிந்துகொண்டிருப்பாள். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டி மேடைக்கு எதிரே கூட்டம். இன்னொரு லோடு கேட்டு எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு. ஆண்கள் கல்லிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பெண் மரத்தில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து நின்றிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். சட்டைப் பையில் அந்தத் தாள் வியர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மாமா, நேரம் சமம், தண்ணீர் சமம் இல்லை. இவ்வளவுதான். ஏழெட்டு வார்த்தை கூட இல்லை.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வேற யாருக்காச்சும் பேச்சு இருக்குதா?"

எழுந்து நின்றேன்.

"அடேங்கப்பா, மாப்ள எந்திரிக்கறாரு" என்றார் பெரியவரின் மகன். "கூட்டம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டாராட்டங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கூட்டத்தில் எழுந்ததே இல்லை, அதற்குத்தான் சிரித்தார்கள். என் மாமனார் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார். மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லு மாப்ள" என்றார் பெரியவர்.

என் கை சட்டைப் பைக்குப் போனது. வாய் திறந்தது. "நாளைக்கு லோடு வருதுங்க மாமா" என்றேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானய்யா" என்று யாரோ சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. கூட்டம் கலைந்தது. நான் நிமிர்ந்தபோது மரத்தடியில் அந்தப் பெண் இல்லை.

மறுநாள் லோடு வந்தது. நான் பழையபடியே முக்கால், முக்கால், முக்கால் என்று விட்டேன். கீழ் வரிசை முறை வந்தபோது அந்தப் பெண் நாலு குடத்தோடு வந்து நின்றது. குடம் நிறையும்வரை குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றது. நானாகவாவது ஐந்து நிமிடம் முன்னால் மேல் வரிசையை நிறுத்தியிருக்கலாம். ஒருமுறை மூன்று நிமிடம் முன்னால் மூடியதற்குப் பெரியவரின் மகன் தன் செல்போனை நீட்டி, "வாட்ச்சுக்கு பேட்டரி மாத்துங்க மச்சான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு.

ஊருக்குக் கிழக்கே பழைய கல் குவாரி ஒன்று இருக்கிறது. கல் எடுத்து விட்டுப்போன பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். மாட்டுக்கும் துணிக்கும் அங்கேதான் போவார்கள். இறங்க ஒழுங்கான வழி கிடையாது. மிஷின் வெட்டிய பாறை படி மாதிரி இருக்கும், பாதி இடத்தில் பாசி. தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோனால் கீழ் வரிசைக்காரர்கள் அதையே காய்ச்சிக் குடிக்கவும் எடுத்துவந்தார்கள்.

வியாழக்கிழமை, அடுத்த லோடுக்கு முந்தின நாள். பத்து மணி இருக்கும். நான் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். குவாரிப் பக்கம் கூச்சல் கேட்டது. போவதற்குள் அந்தப் பெண்ணைத் தூக்கி மேலே கொண்டுவந்திருந்தார்கள். குடம் இடுப்பில் இருக்க, ஏறும்போது கால் வழுக்கி, வயிறு பாறை விளிம்பில் பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் குடம் உடையாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தக்காளி ஏற்ற வந்த வண்டியில் படுக்க வைத்துப் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிழைத்துக்கொண்டது. ஏழு மாதக் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை.

கீழ் வரிசைக் காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். நானும் போனேன். குழி சின்னதாக இருந்தது. எல்லோருக்கும் பின்னால் நின்றேன். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாசமா இருக்கற புள்ளய எவனாவது அங்க அனுப்புவானா, நாலு கொடம் எங்க வூட்ல கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டமா" என்று அழுதார். அவர் பொய் அழுகை அழவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய தண்ணீர் இல்லை அது, அவர்களுடைய தண்ணீர் என்பது ஊரிலேயே இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இன்னொருவன் நான்.

மூன்று உறை விட்டிருந்தால் அந்த வீட்டில் பதினான்கு குடம் இருந்திருக்கும். இந்தக் கணக்கை நானே போட்டேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்பதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே தெரியும், எழுந்து நின்றேன், லோடு வருகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். முன்பு கூச்சத்தால் வாய் அடைத்தது. இப்போது பயத்தால் அடைத்தது. அந்தக் கோடை முடியும்வரை முக்கால், முக்கால், முக்கால் என்றேதான் விட்டேன். ஐந்து, மூன்று, ஒன்று என்று தெரிந்துகொண்டே விட்டேன். என் முறை பார்ப்பதை ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். குவாரிக்கு யாரும் போகக்கூடாது என்று முள் வெட்டிப் போட்டார்கள். கீழ் வரிசைக்காரர்கள் முள்ளை ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

பிறகு மழை வந்தது. போர்வெல்லில் தண்ணீர் ஏறியது. தொட்டியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணும் அதன் வீட்டுக்காரரும் ஓசூருக்குக் குடிபோனார்கள். அவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. அன்று நான் மாரண்டஹள்ளிக்கு விதை வாங்கப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பைகளோடு அது நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் டீக்கடைப் பக்கம் போயிருந்தார். ஆள் பாதியாகியிருந்தது. நான் பார்க்காத மாதிரி கடக்கப் பார்த்தேன்.

"அண்ணா" என்று கூப்பிட்டது.

நின்றேன்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்துச்சுங்க. கோவமாயெல்லாம் கேக்கல. அந்தக் கணக்குல எங்கயாவது தப்பு இருந்துச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"ஆறுக்கு மூலம் எடுத்ததுல எனக்கே அப்பறமா சந்தேகம் வந்துச்சு. படிச்சு அஞ்சு வருசம் ஆச்சில்ல. நீங்க போட்டுப் பாத்திருப்பீங்க, தப்பா இருந்திருக்கும், கூட்டத்துல சொன்னா என்னதான் சிரிப்பாங்கன்னு சொல்லாம வுட்டிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். எழுவத்தெட்டு நிமிஷம்னா கொஞ்சம் அதிகந்தானே?"

இத்தனை மாதமும் அது என்மேல் கோபத்தில் பேசாமல் இருந்தது என்று நினைத்திருந்தேன். அது தன் கணக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. தப்பு இல்லம்மா என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. நான் குனிந்து அதன் பையின் பிடியைச் சரிசெய்தேன். அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "வாங்க மாமா, டீ சாப்புடறீங்களா?" என்று கேட்டார். ஓசூர் பஸ் வந்தது. ஒரு பையை நான் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்தக் கணக்கைச் சரிபார்க்காமலேயே சரி என்று நான் நம்பியிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. போன வாரம் போர்வெல் மோட்டாரைப் போட்டு ஒன்பது உறையும் நிறைத்தேன். காலை ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் யாருக்கும் தேவையில்லாமல் வாய்க்காலில் ஓடியது. வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி நின்றேன்.

இருபத்தைந்தாவது நிமிடம் குச்சியை விட்டேன். ஆறாவது கோடு வரை நனைந்திருந்தது. முடி அளவு கூட வித்தியாசம் இல்லை. அங்கிருந்து முப்பத்திரண்டு நிமிடம் போய் விட்டேன். மூன்றாவது கோடு. பிறகு எழுபத்தெட்டு நிமிடம் காத்திருந்தேன். அவ்வளவு நேரத்தையும் அந்த மூன்று உறைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. கடைசியில் நூலாகி, சொட்டாகி, நின்றபோது மணி பதினொன்றேகால்.

நடுவில் பெரியவர் அந்த வழியாக வந்தார். "என்ன மாப்ள, தண்ணியத் தெறந்து வுட்டுட்டு வாட்ச்சப் பாத்துக்கிட்டு நிக்கற?"

"தொட்டி கழுவறனுங்க மாமா" என்றேன்.

நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். வாயால் ஆகாது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். அன்றே நோட்டு வாங்கினேன். மாசியிலேயே போர்வெல் மறுபடி காற்றுக் கக்க ஆரம்பித்திருக்கிறது. இந்தக் கோடையிலும் அந்தத் தொட்டிக்குத்தான் வருவார்கள். வாட்ச்சை என் கையில்தான் கொடுப்பார்கள். இதைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதிப் பெரியவர் வீட்டில் கொடுக்கப்போகிறேன். படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இந்த நோட்டை அப்படியே ஓசூருக்கு அனுப்பப்போகிறேன்.

அம்மா, ஆறுக்கு நீ எடுத்த மூலம் சரி. மூன்றுக்கு எடுத்ததும் சரி. எழுபத்தெட்டு நிமிடம் அதிகம் இல்லை. நின்று பார்த்துவிட்டேன். கணக்கில் எங்கேயும் தப்பு இல்லை. சொல்லாமல் விட்டது நான்.

எழுதி முடித்தது 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை.